பாவம், நீர்நாய்கள்

பெல்கிரோவ் ஊர்ப் பத்திரிகையில் வியாழக்கிழமைதோறும் கல்லூரி அமெரிக்கக் கால்பந்துக்கு, அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு, முன்னோட்டம் எழுதும் வெர்லின் ஸ்டக்கி, எந்த எதிரணியையும் திட்டியதே கிடையாது. பெருந்தன்மை என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். திட்டினால் எதிரணிப் பயிற்சியாளர் அதை வெட்டி, உடை மாற்றும் அறைச் சுவரில் ஒட்டிவிடுவார். பையன்கள் அதைப் படித்துப் படித்துக் கொதித்து, சனிக்கிழமை வந்து நம் பையன்களைப் புரட்டி எடுப்பார்கள். நெப்ராஸ்கா மாநிலத்தில் எல்லாக் கல்லூரிக்கும் தெரிந்த வித்தை இது. அதனால் எப்பேர்ப்பட்ட ஓட்டை அணி வந்தாலும், 'லேசுப்பட்டவர்கள் அல்ல' என்றுதான் வெர்லின் எழுதுவார்.

இந்த வாரம் வரப்போவது 'நீர்நாய்கள்' என்ற டன்லீ கல்லூரி அணி. ஆடியதெல்லாம் தோல்வி. போன ஆட்டத்தில் ஒரு புண்ணியவான், எதிரணியின் எல்லையைத் தாண்டி டச் டவுன் போடுவதற்குப் பதில், பந்தை அணைத்துக்கொண்டு தன் எல்லைக்கே ஓடியிருக்கிறான். அந்த அணியின் பயிற்சியாளர் ராய்ஸ், வெர்லினின் மனைவி லோர்னாவுக்குக் கூடப்பிறந்த தம்பி.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ராய்ஸ் போன் செய்தான்.

"மச்சான், எங்களப் பத்தி எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் மாப்ளே. தடுப்பாட்டத்துல கில்லாடிங்கன்னு போட்டிருக்கேன்."

"அய்யோ, அத அடிச்சிட்டுக் கேவலமாத் திட்டுங்க. போற ஊரெல்லாம் நல்லவிதமாவே எழுதித் தொலையிறானுங்க. சுவத்துல ஒட்ட ஒரு துண்டுப் பேப்பர் இல்ல. பசங்களுக்குக் கோவமே வர மாட்டேங்குது. இதுவும் போச்சுன்னா என் வேலை காலி."

"காலியானா?"

"உங்க வீட்டு நிலவறை சும்மாத்தானே கெடக்கு. நானு, ரெண்டு வேட்டை நாயி, என் டிரம் செட்டு. அவ்வளவுதான்."

அந்த நிலவறையில்தான் வெர்லினுடைய பெரிய டிவியும் சாய்வு நாற்காலியும் இருந்தன. யாரும் வந்து தொந்தரவு செய்யாத ஒரே இடம். சொந்த ஊர் அணியான பெல்கிரோவ் காட்டெருமைகள் அவருக்கு உயிர்தான். ஆனால் அவர்கள் தோற்றால் ஒரு வாரம் வலிக்கும், ராய்ஸ் வந்தால் ஆயுசுக்கும் வலிக்கும். உட்கார்ந்து எழுதித் தள்ளினார்.

'நீர்நாய்களை நம் பையன்கள் துரத்த வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும், அவர்களே பந்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். நம் வாத்தியக் குழுவை இறக்கினால்கூட டிரம்பெட் ஊதிக்கொண்டே டச் டவுன் போட்டுவிடும்.'

எழுத்துப் பிழை பார்க்கும் லோர்னா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"என் தம்பியவா இப்படி?"

"அவன்தான் கெஞ்சினான்."

"இதுக்கெல்லாம் அவனுங்களுக்குக் கோவம் வந்துட்டாலும்." கணினியைத் தன் பக்கம் இழுத்து, கடைசியில் ஏதோ தட்டி, வெர்லின் எட்டிப் பார்க்குமுன் அனுப்பிவிட்டார்.

வியாழக்கிழமை ராய்ஸ் மறுபடி கூப்பிட்டான்.

"திட்டெல்லாம் வீண் மச்சான். பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறானுங்க. வாத்தியக் குழு நெசமாவே ஜெயிச்சிரும், கோச்சுன்னு சொல்றானுங்க. ஆனா அந்தக் கடைசி வரி இருக்கே..."

"எந்தக் கடைசி வரி?"

ராய்ஸ் வாசித்தான். 'பாவம், ரொம்ப தூரம் பஸ்ஸில் வருகிற பிள்ளைகள். ஒரே ஒரு டச் டவுன் போட்டால்கூட ஊர் மக்களே, எழுந்து நின்று கைதட்டி உற்சாகப்படுத்துங்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களுக்கு லோர்னாவின் ஆப்பிள் கேக் உண்டு.'

"படிச்சதும் அந்தச் சிரிப்பெல்லாம் நின்னுபோச்சு மச்சான். ஒருத்தன் ஹெல்மெட்டத் தூக்கிச் சுவத்துல அடிச்சான்."

பெல்கிரோவ் மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். சனிக்கிழமை நீர்நாய்கள் முதல் டச் டவுன் போட்டதும் மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டியது. 'சபாஷ் கண்ணுங்களா' என்றுகூட யாரோ கத்தினார்கள். பையன்களின் முகம் ஜிவ்வென்று சிவந்தது. அடுத்த டச் டவுன். மறுபடி கைதட்டல். தட்டத் தட்ட அவர்களுக்கு வெறி ஏறியது. எப்போது நிறுத்துவது என்று பத்திரிகையில் போடவில்லை. அதனால் சொந்த அணி சின்னாபின்னமாகிற வரை ஊரே நின்று தட்டியது. ராய்ஸின் வேலை பிழைத்தது, நிலவறையும் பிழைத்தது.

நீர்நாய்கள் கேக்கைத் தின்று தீர்த்துவிட்டு பஸ் ஏறினார்கள். வீட்டுக்கு வந்த வெர்லின் சமையலறை மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அந்தக் கடைசி வரி வேலை செய்யும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ராய்ஸச் சின்ன வயசுல எவ்வளவு திட்டினாலும் இளிப்பான். அச்சச்சோ பாவம்னு தலையத் தடவினா மட்டும் பாய்ஞ்சு கடிச்சிருவான்." லோர்னா கையை நீட்டித் தழும்பைக் காட்டினார். பிறகு ஒளித்து வைத்திருந்த கடைசித் துண்டு கேக்கைக் கொண்டுவந்து வைத்து, வெர்லினின் தலையை மெல்லத் தடவினார்.

"பாவம் நீங்க. சாப்பிடுங்க."

வெர்லினுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.