கடுகு வெடிக்காத வீடுகள்

வரதய்யபாளையத்துக்குக் கிழக்கே புதுக்காலனியில் இருக்கும் நாற்பத்திரண்டு வீடுகளிலும் கடுகு வெடிப்பதில்லை. எண்ணெய் காய்ந்து, புகைந்து, கண் எரிந்தாலும் கடுகு வாணலியின் அடியில் போட்டது போட்டபடி கிடக்கும். அதே கடுகைக் காலனிக்கு வெளியே டீக்கடை அடுப்பில் போட்டால் படபடவென்று வெடித்துச் சட்டை மேல் தெறிக்கும். முதலில் எல்லோரும் மளிகைக்கடை ஸ்ரீஹரியிடம்தான் சண்டைக்குப் போனார்கள். அவன் பாவம், மூன்று கம்பெனிக் கடுகை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். இப்போது யாரும் சண்டை போடுவதில்லை. வாரத்துக்கு ஒரு முறை டீக்கடையில் மொத்தமாகத் தாளித்து டப்பாவில் அடைத்து எடுத்துப்போகிறார்கள்.

இதற்கு யாரைக் குறை சொல்வது என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. சம்பந்தப்பட்ட எல்லோரும் நல்லவர்கள், அதுதான் வயிற்றெரிச்சல். கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்த நாற்பத்திரண்டு குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவது என்று முடிவானபோது, வரைபடம் போடும் வேலை திருப்பதியில் ஒரு சின்ன ஆபீசுக்குப் போனது. அங்கே யாமினி என்று ஒரு பெண். சென்னையில் கட்டடக்கலை படித்தவள், இருபத்தாறு வயது, திருச்சானூரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மற்றவர்களாக இருந்தால் ரெண்டு ரூம், ஒரு கக்கூஸ் என்று அரை நாளில் கோடு போட்டு அனுப்பியிருப்பார்கள். இவள் மாட்டேன் என்றாள். ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள், எந்த மூலையை யார் எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று கண்ணால் பார்க்காமல் ஒரு சுவரைக்கூட வரையக்கூடாது என்று படித்திருந்தாள், படித்ததை நம்பவும் செய்தாள். ஒரு கடிதம், ஒரு டேப், ஒரு நோட்டு, மூன்று கலர் பென்சில்களோடு வந்து, திருவேங்கடத்தின் பழைய வீட்டில் பத்து நாள் காலை முதல் சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தாள். திருவேங்கடத்துக்குப் பச்சை, அவர் மனைவி தாட்சாயணிக்குச் சிவப்பு, மகன் யஸ்வந்துக்கு நீலம். யார் எங்கே கால் வைத்தாலும் அந்தக் கலரில் ஒரு கோடு.

அவள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. திருவேங்கடத்தின் அண்ணன் துலுக்காணம், கல்யாணம் கட்டாமல் அதே வீட்டில் இருந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமைதான் செத்துப்போயிருந்தார். சாவு வீட்டுக்கு வந்துபோனவர்கள் தலைக்குக் குளித்த பிறகே தம் இடத்துக்குள் நுழைய வேண்டும். யாமினியோ முதல் நாள் பேச்சுவாக்கில், ஹாஸ்டலில் ஆளுக்கு ஒரு பக்கெட் தண்ணீர்தான் என்று சொல்லியிருந்தாள். தாட்சாயணி புருஷனைச் சமையலறைக்குள் கூப்பிட்டு, "பாவம்யா அந்தப் பொண்ணு, ஒரு பக்கெட்ல தெனமும் எப்டி தலைக்கு ஊத்திக்கும்? சாவு வூடுன்னு வாயத் தொறக்காத" என்றாள். அவரும் சரி என்றார். அவ்வளவுதான் அவர்கள் செய்த தப்பு.

மாலை போட்ட போட்டோவை யாமினி பார்த்தாள். எந்த வீட்டில் அது இல்லை என்று விட்டுவிட்டாள். பத்தாம் நாள் காரியம் முடிந்து திருவேங்கடம் மொட்டைத் தலையோடு வந்து நின்றபோது, "திருமலைக்குப் போய்ட்டு வந்தீங்களாண்ணா?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தில் மொட்டையைப் பார்த்தால் வேறு என்ன கேட்பார்கள்? அவர் கூச்சத்தில் தலையாட்டினார். சென்னையில் அவள் வளர்ந்த அடுக்குமாடியில் செத்தவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குப் போய்விடுவார்கள், ஆகவே அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. கண்ணால் கண்டதை ஒன்று விடாமல் எழுதினாள். இந்த ஜனங்கள் தாளிப்பதில்லை, பங்காளி வீடுகளிலிருந்து சாப்பாடு வருகிறது, அடுப்படி சின்னதாகப் போதும். எல்லோரும் கூடத்திலேயே ஒன்றாகப் படுக்கிறார்கள். வாசல் கதவை மூடுவதே இல்லை. அக்கம்பக்கப் பிணைப்பு மிகப் பலம், பகல் முழுக்க ஆள் வந்து உட்கார்ந்துபோகிறது, வாசலில் இருபது நாற்காலிக்கு இடம் விட வேண்டும். கூடத்தின் தெற்குச் சுவரோரம் ஆறடி நீளம் இரண்டரை அடி அகலத்துக்கு ஓர் இடம், தலைமாட்டில் விளக்கும் சொம்புத் தண்ணீரும். அங்கே யாரும் உட்காருவதில்லை, மூன்று கலர் கோடுகளும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. பிணம் கிடத்திய இடம் என்று அவளுக்கு யார் சொல்வது? வீட்டுக்கு நடுவே ஒரு வெறுமையை விட்டுவைத்து வாழும் இவர்கள் எத்தனை ஆழமான மனிதர்கள் என்று நோட்டில் எழுதி, அந்த இடத்துக்குப் புள்ளிக்கோடு போட்டு, எல்லா வீட்டிலும் இதைக் காலியாக விடவும் என்று குறித்தாள். எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது.

அந்த ஒரு வரைபடத்தை வைத்து நாற்பத்திரண்டு வீடும் எழும்பின. வெயிலுக்குக் குளுமையான, காற்றோட்டமான, அழகான வீடுகள். பால் காய்ச்சிக் குடிபோன மறுநாளே கடுகு வெடிக்கவில்லை. வாசல் கதவுகளைச் சாத்தினால் தாழ்ப்பாள் போடுவதற்குள் திறந்துகொண்டன. தச்சன் சிரஞ்சீவி ஒவ்வொரு கதவாகக் கழற்றிச் சீவி மாட்டினான், சீவச் சீவ இன்னும் லேசாகத் திறந்தன. பத்து நாள் கழித்துக் காலை முதல் பஸ்ஸில் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள் வந்து இறங்கினார்கள். வீட்டுக்கு நாலைந்து பேராகப் பிரிந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருங்க, என்ன விஷயம் என்றால், "தெரியலம்மா, வரணும்னு தோணிச்சி" என்றார்கள். வந்தவர்களை எழுந்து போ என்று சொல்ல முடியுமா? காபி கொடுத்தார்கள். அவர்களும் குடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதற்குப் பிறகு பத்து நாளைக்கு ஒரு முறை வந்தார்கள்.

இரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். பதினேழாம் நம்பர் வீட்டு வாசலில் உட்கார்ந்த ஒரு பொம்பளை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஹரிபாபு தங்கமான பையன், அவனுக்கா இப்படி ஆகவேண்டும் என்றாள். ஹரிபாபு அப்போது அவளுக்கு எதிரேதான் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தான். எல்லோரும் சிரித்தார்கள், அவனே ரொம்பச் சிரித்தான். ஒன்பதாம் நாள் மோட்டார் ஷெட்டில் கரண்ட் அடித்துப் போனான். தெற்குச் சுவரோரம் அந்த இடம் அவனுக்கு அளவெடுத்தது போலச் சரியாக இருந்தது.

அதற்கு அடுத்த முறை திருவேங்கடத்தின் வாசலில் உட்கார்ந்த புத்தூர்க்காரி, "நல்ல புள்ள. வண்டில போவும்போது ஹெல்மெட்ட கழட்டவே மாட்டான். யஸ்வந்து, யஸ்வந்துன்னு வாய் நெறைய கூப்புடுவாங்களே" என்று சொல்லி அழுதாள். காபி கொடுக்க வந்த தாட்சாயணி டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள். அவளுக்கு ஒரே பிள்ளை. ஸ்ரீசிட்டியில் வேலை, தினமும் ஹைவேயில் போய்வருகிறவன். அன்று அவனை வேலைக்கு விடாமல் வண்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவள் தனியாகப் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனாள்.

ஆபீசில் யாமினி அந்த வரைபடத்தை மேஜை மேல் விரித்தாள். தாட்சாயணி புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்து, அது என்ன இடம் என்று சொன்னாள். மொட்டைத் தலையைப் பற்றியும் ஒரு பக்கெட் தண்ணீரைப் பற்றியும் சொன்னாள். யாமினியின் முகம் சுண்டிப்போயிற்று.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?" என்றாள்.

"எங்க குந்துவீங்க, எங்க துன்னுவீங்க, எங்க படுப்பீங்கன்னு கேட்ட. சொன்னோம். இன்னாத்துக்குன்னு நீ கேக்கலியேம்மா."

யாமினி மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, கட்டின வீட்டை ரப்பர் வைத்து அழிக்க முடியாது, ஆனால் ஓர் இடத்தை யாராவது தினமும் ஒரே வேளையில் பயன்படுத்தினால் நாளடைவில் அது அவர்கள் இடமாகிவிடும், கட்டடம் எப்போதும் பழக்கத்துக்குத்தான் அடங்கும் என்று சொன்னாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தாட்சாயணிக்கு அது போதுமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குத் தெற்குச் சுவரோரம் பாயை விரித்து, தெற்கே தலை வைத்து, கையை நெஞ்சில் சேர்த்து அரை மணி நேரம் படுத்தாள். யாமினி வந்து உட்கார்ந்து ஒன்பது நாளும் பார்த்தாள். சிவப்புப் பென்சிலால் புள்ளிக்கோட்டுக்குள் தாட்சாயணியின் பெயரையும், இரண்டு முதல் இரண்டரை வரை என்ற நேரத்தையும் எழுதினாள். ஒன்பதாம் நாள் தாண்டியது, யஸ்வந்துக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. பத்தாம் நாள் வந்த புத்தூர்க்காரி, "தாட்சாயணி மாதிரி ஒரு பொம்பள கெடைப்பாளா" என்று ஒப்பாரி வைத்தாள். தாட்சாயணி உள்ளே ஓடிவந்து, "என் பேர சொன்னாங்கய்யா! என் பேர!" என்று புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

விஷயம் தெரிந்ததும் மற்ற வீடுகளிலும் யார் படுப்பது என்று பேசி முடிவு செய்துகொண்டார்கள். பெரும்பாலும் அம்மாக்கள்தான் படுத்தார்கள், ஒன்றிரண்டு வீட்டில் நைனா. முப்பத்தொன்றாம் நம்பரில் நீ படு, நான் படு என்று சண்டையாகி ஒரு நாள் விட்டுப்போயிற்று, அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பூட்டு மட்டும்தான் தொங்குகிறது, கதவு திறந்தே இருக்கிறது. மற்றபடி காலனி அமைதியாக இருந்தது. தபால்காரன் பிரவீன் இரண்டு மணிக்குக் காலனிக்குள் வருவதை நிறுத்திக்கொண்டான். மூன்று வருஷம் தாட்சாயணி ஒரு நாள் தவறவில்லை. தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேரவில்லை, திருமலைக்கு ஏறி ஒரு தரம் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையையும் விட்டுவிட்டாள். க்யூவில் நின்றால் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யார் சொல்ல முடியும்?

யஸ்வந்துக்குப் புத்தூரில் பெண் அமைந்தது. சுஷ்மிதா, அதே கம்பெனியில் வேலை, கலகலப்பான பெண். பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லலாமா என்று திருவேங்கடம் கேட்டார். "வாணாம்யா, பொண்ணு பயந்துக்கும். வந்தப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன்" என்றாள் தாட்சாயணி. ஒரு தடவை பட்டும் அந்த நல்ல மனசு திருந்தவில்லை. திருச்சானூர் மண்டபத்தில் காலை ஆறரைக்கு முகூர்த்தம். தாலி ஏறியதைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல்கூட, தாட்சாயணி முதல் வேனில் ஊர் திரும்பினாள். பெண்ணும் மாப்பிள்ளையும் வீடு புகுவதற்குப் பெண்ணின் அப்பா வேங்கடாசலம் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்துக்கொடுத்த நேரம் மத்தியானம் இரண்டு ஆறிலிருந்து இரண்டு முப்பத்தாறு வரை. நேரம் நல்லதாக இருந்தது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இரண்டு பத்துக்கு ஆலம் சுற்றிப் பொட்டு வைத்து உள்ளே கூட்டிவந்தது பக்கத்து வீட்டுக் காஞ்சனா. மாமியார் கூடத்தில் பட்டுப்புடவையோடு படுத்திருப்பதைப் பார்த்த சுஷ்மிதாவின் அத்தை, பாவம், அலைச்சலில் அசந்துவிட்டாள் போல என்று நினைத்து, "மொதல்ல அத்த கால்ல வியுந்து கும்புட்டுக்கோம்மா" என்று பெண்ணை முன்னால் தள்ளினாள். படுத்திருக்கிறவர்கள் காலில் யாரும் விழுவதில்லை. செத்தவர்கள் காலில்தான் விழுவார்கள். யஸ்வந்த் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்து, "சுஷ்மி, வாணாம்!" என்று கத்துவதற்குள் அவள் மண்டியிட்டு, மாமியாரின் இரண்டு பாதத்திலும் நெற்றியை வைத்துவிட்டாள்.

அடுப்படியில் பெண் வீட்டுச் சித்தி ஒருத்தி, இந்த வீட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவள், ரசத்துக்குத் தாளிக்கச் சட்டியில் கடுகைப் போட்டிருந்தாள். அது வெடித்தது. ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் கடுகு படபடவென்று வெடித்து, வாசனை கூடம் வரை வந்தது. காலனிக்காரர்கள் எல்லோரும் திரும்பித் தாட்சாயணியைப் பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பெண் வீட்டாருக்கு மட்டும் ஏன் எல்லோரும் அழுகிறார்கள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாசல் கதவு மெதுவாக வந்து சாத்திக்கொண்டது.

பத்து நாளும் கடுகு வெடித்திருக்கும், ஆனால் துக்க வீட்டில் யார் தாளிக்கப் போகிறார்கள்? யாமினி வந்து, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலைத் தொடாமல் இருந்துவிட்டு, ஹாஸ்டலுக்குப் போய்த் தலைக்குக் குளித்தாள். பதினோராம் நாள் காலையில் சுஷ்மிதா அடுப்பைப் பற்றவைத்துக் கடுகு போட்டாள். எண்ணெய் புகைந்தது, கடுகு அப்படியே கிடந்தது. அவளுக்கு அதற்குள் எல்லாம் சொல்லியிருந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பாய் எங்கே இருக்கிறது என்று மாமனாரிடம் கேட்டாள். நான் படுக்கிறேன் என்றார் திருவேங்கடம். இல்லை, நான்தான் என்று யஸ்வந்த் பாயைப் பிடுங்கினான்.

"நீ மத்தியான ஷிப்டுக்குக் கெளம்பு. உன் பேர அந்தப் பொம்பள வாயால நான் கேக்கணுமா?" என்றாள் சுஷ்மிதா.

இரண்டு மணிக்கு அவள் படுத்துக்கொண்டாள். யஸ்வந்த் ஃபேனை இரண்டாம் ஸ்பீடில் வைத்துவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு போய் டிபன் கேரியரை எடுத்தான். கதவு பழையபடி திறந்தே இருந்தது. அடுத்த முறை முதல் பஸ்ஸில் வந்தவர்கள், தாலி மஞ்சள்கூடக் காயவில்லையே என்று சுஷ்மிதாவுக்காக நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, அவள் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.