மருமகன் முன்னுக்கு இருக்கட்டும்

ஏசினால் திருப்பி ஏசலாம். அடித்தால் கையைப் பிடிக்கலாம். மரியாதை செய்கிறவர்களை ஒருவன் என்ன செய்வது? தேற்றாத்தீவில், என் மாமியார் சீதேவிப்பிள்ளையின் வீட்டில், நான் அகப்பட்டிருந்தது அந்த மரியாதைக்குள்தான்.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் போக வேண்டும். வீடும் வளவும் பெண்ணின் பேரில் இருக்கும். நான் பட்டினத்தில் கோட்டும் சட்டையும் தைத்துக்கொண்டிருந்த ஆள். யோகராசா வெட்டின கோட்டு என்றால் கச்சேரிக் கிளாக்கர்மார் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பார்கள். பெரிய வயற்காரர் கோணாமலைப் போடியாரின் ஒரே மகள் புஸ்பத்தைக் கட்டி, உடுப்புப் பெட்டியோடும் தையல் மெசினோடும் தேற்றாத்தீவில் போய் இறங்கினேன். அன்றோடு தொழிலுக்குப் பால் தெளித்தாயிற்று.

“போடியார்ட மருமகன் ஊரான்ட கிழிசலத் தைக்கிறதா? சனம் சிரிக்கும் மருமகன்,” என்றார் மாமா. அதையும் கோபமாகச் சொல்லவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சொன்னார். மாமி என்னோடு நேரே பேசவே மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று சுவருக்குச் சொல்வார். “மருமகன் சாப்பிட வரட்டும்.” “மருமகன் வெயிலுக்க போக வேணாம்.” “மருமகனுக்குக் கொடுவா மீன் தலையப் போடு புள்ள.”

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எனக்கு விருந்து முடியவே இல்லை. தின்று தின்று சட்டையெல்லாம் இறுகிப்போயிற்று. அதைப் பிரித்துத் தைக்கலாமென்று மெசினிடம் போனால், அதற்கு முன்னால் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். “ஐயோ, மருமகன் மூட்டை தூக்கிறாரே!” என்று குசினிக்குள்ளிருந்து மாமியின் கூக்குரல். விட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால் இன்னும் இரண்டு மூட்டை ஏறியிருந்தது. இது மாமியின் வேலைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். வேறென்ன செய்ய?

இப்படி இருக்கும்போதுதான் சாலிஹ் ஒரு சேதி கொண்டுவந்தான். சாலிஹ் ஏறாவூர்க்காரன், லொறி ஓட்டுகிறவன். போடியாரின் நெல்லைப் பதுளைக்கு ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது மரக்கறி ஏற்றி வருவான். அந்தப் பதுளைக் கடைத்தெருவில்தான் என்னோடு ஒரே மேசையில் தொழில் பழகிய நல்லரத்தினம் தையற்கடை வைத்திருந்தான்.

“மாப்பிள, உங்கட கூட்டாளி சொல்லச் சொன்னாரு,” என்று சாலிஹ் காதுக்குள் சொன்னான். “சீமையில புது ராசாவுக்கு முடி சூட்டுறாங்களாமே, தோட்டத்துக் கிளாக்கர்மாரெல்லாம் கோட்டுக்கு அடிபடுறாங்களாம். தைக்க ஆளில்ல. ஒரு மெசின் சும்மா கிடக்கிதாம். எப்ப வந்தாலும் குந்தலாமாம்.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் மாமி கண்டுபிடித்துவிட்டார். அந்த வீட்டில் என் கவளத்தைக்கூட ஆள் வைத்துப் பார்த்தார்கள். “மருமகனுக்கு மனம் சரியில்ல போல. எங்கயாவது காட்டிட்டு வந்தா நல்லம்,” என்று சுவருக்குச் சொன்னார்.

“அதுக்கென்ன! சாலிஹ்ட லொறி பதுளைக்குத்தானே போகுது,” என்றார் மாமா. “அங்க துன்ஹிந்தை எண்டு ஒரு அருவி இரிக்காம். வெள்ளக்காரனே கப்பல் ஏறி வந்து பாக்கிறானாம். நம்மட மருமகன் பாக்காம இரிக்கிறதா?”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். அருவியடியில் சனம் நிற்கும். கண் மறைந்த நேரம் திரும்பி நடந்தால் பதுளைக் கடைத்தெரு. ஒருமுறை அந்த மெசினில் உட்கார்ந்துவிட்டால் பிறகு எந்தப் போடியார் வந்து கூப்பிட்டாலும் எழும்புவதில்லை. புஸ்பத்தை நினைக்கவில்லையா என்று கேட்கிறீர்களா? நினைத்தேன். அவளுக்கென்ன குறை, அவளுடைய வீடு, அவளுடைய தாய் தகப்பன் என்று நினைத்தேன். புறப்படுகிற அன்று சட்டைக்கு மேல் சட்டை போட்டேன். என் பெரிய கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டேன். தையற்காரன் கத்திரிக்கோலை விட்டுவிட்டுப் போவானா?

லொறியில் நெல் மூட்டைகளுக்கு மேல் பாய் விரித்துப் பெண்கள் ஏறினார்கள். நானும் பின்னால் ஏறக் காலைத் தூக்கினேன்.

“மருமகன் முன்னுக்கு இருக்கட்டும்,” என்றார் மாமி.

முன்னுக்கு என்றால் எங்கே? சாலிஹ் ஒரு பக்கம், மாமா மறுபக்கம், நடுவில் நான். செங்கலடி தாண்டிக் காடு, மகாஓயா, பிபிலை, பிறகு லுணுகலை மலை. ஒவ்வொரு வளைவிலும் மாமாவின் முழுப் பாரமும் என்மேல் சாயும்; அடுத்த வளைவில் நான் சாலிஹ்மேல் சாய்வேன். கத்திரிக்கோல் இடுப்பில் குத்தியது. ஆப்பிழுத்த குரங்குக்காவது கத்த முடியும். மாமா “சுகமா மருமகன்?” என்று கேட்ட போதெல்லாம் நான் “ஓம் மாமா, நல்ல சுகம்” என்று சொல்லிக்கொண்டு போனேன்.

நெல்லைக் கடையில் இறக்கிவிட்டு, எங்களை அருவிக்குப் போகும் பாதையில் விட்டான் சாலிஹ். மலையை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் பள்ளம். முன்னால் தடியூன்றிக்கொண்டு மாமா, அடுத்தது நான், என் முதுகுக்குப் பின்னால் மாமி, கடைசியில் புஸ்பம். விலகி நிற்கக்கூட இடமில்லை. கொஞ்சம் பின்தங்கினால், “மருமகனுக்குக் கால் நோகுதோ?” என்று மாமி கேட்பார். உடனே மாமா நிற்பார். எல்லாரும் நிற்போம்.

இரைச்சல் முதலில் வந்தது. பிறகு ஒரு திருப்பத்தில் பாதை கொஞ்சம் அகன்று, அருவி தெரிந்தது. நாங்கள் வாவிக்கரைச் சனம். எங்கள் தண்ணீர் படுத்துக் கிடக்கும். காற்றடித்தால் கொஞ்சம் புரண்டு படுக்கும், அவ்வளவுதான். தண்ணீர் நெட்டுக்கு எழும்பி நின்று இப்படி விழுமென்று யார் கண்டது? விழுந்த இடத்திலிருந்து வெண்புகை எழும்பி மலையளவுக்கு வந்தது. எனக்கு ஒரு கணம் கத்திரிக்கோலும் மறந்துபோயிற்று.

மாமி கையெடுத்துக் கும்பிட்டார். மாமா வாயைத் திறந்தபடி நெடுநேரம் நின்றார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“சும்மா விழுந்து கிடக்கே! இதக் கொண்டுபோய் நம்மட வயல் வட்டைக்குத் திருப்பினா மூண்டு போகம் வேளாண்ம செய்யலாமே மருமகன்!”

அந்த நேரம் பள்ளத்திலிருந்து ஒரு காற்றுக் கிளம்பிற்று. அருவியின் புகை அப்படியே எங்கள்மேல் வந்து மூடியது. நீட்டிய கை தெரியவில்லை. “முருகா!” என்று மாமியின் குரல். இதுதான் சமயம். மண்சுவரைத் தடவிக்கொண்டு திரும்பினேன், பின்னால் கிறுகிப் பார்க்காமல் நடந்தேன்.

புகை கலைந்த இடம் வரை வந்திருப்பேன். பின்னால் காலடிச் சத்தம். சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். புஸ்பம். தலை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“கத்திரிக்கோல இடுப்பில செருகிக்கொண்டு அருவி பாக்க வாற ஆள் ஆரு?” என்றாள்.

இடுப்பைக் கையால் மறைத்தேன். அழுவாள், தாயைக் கூப்பிடுவாள் என்று பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை.

“நல்லரத்தினத்துட கடைக்குத்தானே? சாலிஹ் சொன்னதக் கேட்டுக்கொண்டுதான் நிண்டன். போங்க. ஆனா என்னையும் கூட்டிக்கொண்டு போங்க.”

“உனக்கென்ன புள்ள? அது உன்ட வீடு. நான்தான் அங்க அடைபட்டுக் கிடக்கன்.”

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “ஓம், என்ட வீடு! அதத்தான் சொல்றன். நீங்க வந்த ஆள், கோவம் வந்தா உடுத்த துணியோட போகலாம். வீட்டுக்காரி எங்க போற? அந்த அறையிலதான் நான் பிறந்த. பெரியபுள்ளையான நேரம் அந்த அறையிலதான் இருத்தின. அந்த அறைக்குத்தான் உங்களயும் கொண்டு வந்து விட்ட. சாகிறதும் அதுக்கதான். தோணியேறி மண்டூர்த் திருவிழாவுக்குப் போனதுதான் நான் போன தூரம். இண்டைக்குத்தான் மலையெண்டா என்னெண்டு பாத்த.”

அவள் விடவில்லை.

“உங்கட மெசினுக்கு முன்னால கூலியாளக் கொண்டு மூட்டை அடுக்குவிச்ச ஆரெண்டு நினைச்ச? அம்மாவா? நான்தான்.”

“நீயா! என்னத்துக்கு?”

“கோவம் வந்து, ‘இந்தா போறன், நீயும் வெளிக்கிடு’ எண்டு சொல்லுவீங்க எண்டுதான். முதல் அடுக்குவிச்சன், சொல்லல்ல. இன்னும் ரெண்டு வச்சன். நீங்க கையக் கழுவிட்டுக் கொடுவாத் தலை தின்னக் குந்திட்டீங்க!”

வெட்கம் பிடுங்கித் தின்றது. அருவியே தலையில் விழுந்திருந்தாலும் அப்படி நனைந்திருக்க மாட்டேன். இத்தனை காலமும் ஒரே அறைக்குள் படுத்துக்கொண்டு, நான் ஒரு சுவரையும் அவள் ஒரு சுவரையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறோம்.

“நட,” என்றேன். “ரெண்டு பேரும் போவம்.”

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. நாலு எட்டு வைத்திருப்போம். “மருமகன்! மருமகன்!” என்று பின்னால் மாமாவின் குரல். தடியைத் தட்டித் தட்டி ஓட்டமும் நடையுமாக வந்தார். பின்னால் மாமி, சேலை முழுக்க நனைந்து, நடுங்கிக்கொண்டு.

“ஒரு சொல்லுச் சொல்லாம வந்திட்டீங்களே. பள்ளத்துக்க விழுந்திட்டீங்களாக்கும் எண்டு மாமி குழறிப்போட்டா.”

புஸ்பம் முழங்கையால் இடித்தாள். சொல்லுங்க என்று கண்ணால் சொன்னாள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தேன். ‘நாங்க உங்களோட வரல்ல, இஞ்சதான் இருக்கப்போறம்.’ அவ்வளவுதான் வசனம். நாக்கு நுனியில் நின்றது.

அப்போது மாமி மடிக்குள்ளிருந்து ஒரு துவாயை எடுத்தார். தான் தெப்பமாக நனைந்திருந்தும் அதை நனையாமல் பொத்தி வைத்திருந்தார். மகளிடம் நீட்டி, மண்சுவரைப் பார்த்துச் சொன்னார்:

“மருமகன் தலையத் துவட்டட்டும். தடிமன் பிடிக்கும்.”

செத்தேன்.

“ஒண்டுமில்ல மாமா,” என்றேன். “இஞ்சத்தக் காத்து நல்லாயிரிக்கி. கொஞ்ச நாள் இஞ்ச நிண்டா நல்லம் போல...”

மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. “அட, இவ்வளவுதானா! வாய் துறந்து சொல்றதுக்கென்ன? மருமகன் இந்த வீட்டுக்கு வந்து கேட்ட முதல் ஆசை!” தடியால் மலையைச் சுற்றிக் காட்டினார். “இஞ்ச ஒரு வளவு வாங்குவம். புள்ளைட பேரில ஒரு வீட்டக் கட்டுவம். வட்டையக் குத்தகைக்கு விட்டிட்டு நானும் மாமியும் வந்து உங்களோடயே இருந்திர்றம். என்ன சீதேவி?”

மாமி கொஞ்சம் யோசித்தார். “மருமகனுக்கு இஞ்ச கொடுவா கிடைக்குமா?” என்று சுவரைக் கேட்டார்.

“சாலிஹ்ட லொறில ஐசு போட்டு எடுப்பம்!”

புஸ்பம் அப்படியே பாதையில் குந்திவிட்டாள். சிரித்தாள். சிரிப்பென்றால், கண்ணால் தண்ணீர் ஓடுகிற சிரிப்பு. பிறகு அது சிரிப்பா வேறொன்றா என்று எனக்கே தெரியவில்லை. “அருவியடியில என்னவோ புள்ளையப் பிடிச்சிற்று,” என்று மாமி பதறி, சேலை முடிச்சை அவிழ்த்து, நனைந்த திருநீற்றைப் பூசினார். நான் துவாயைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

திரும்பும்போது லொறி கடைத்தெரு வழியாகத்தான் போயிற்று. நல்லரத்தினத்தின் கடை தெரிந்தது. ஒரு மெசினில் அவன் குனிந்து தைத்துக்கொண்டிருந்தான். பக்கத்து மெசின் மூடி போட்டபடி கிடந்தது. சாலிஹ் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான். “மருமகனுக்குத் தேத்தண்ணி வேணுமோ?” என்றார் மாமா. “வேணாம் மாமா,” என்றேன். கடை பின்னால் போய்விட்டது.

பிபிலையில் இஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற லொறியை நிறுத்தினார்கள். இறங்கி மரத்தடியில் நின்றேன். புஸ்பம் பின்னாலிருந்து இறங்கி வந்தாள். கண் சிவந்திருந்தது. கையை நீட்டினாள்.

“கத்திரிக்கோலத் தாங்க.”

எடுத்துக் கொடுத்தேன். சாவிக்கொத்தைப் போல அலட்சியமாக வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“அடுத்த தரம் நான் முன்னுக்கு நடக்கிறன்,” என்றாள். “நீங்க வாயத் துறக்காம பின்னால வந்தாப் போதும். உங்கள நம்பேலா.”

“வழிய விடு புள்ள,” என்று லொறிக்கு மேலிருந்து மாமி கூப்பிட்டார். “மருமகன் முன்னுக்கு இருக்கட்டும்.”

மாமா இறங்கி நின்று எனக்கு வழிவிட்டார். நான் ஏறி நடுவில் இருந்தேன்.