நீலப் பொட்டு வைத்த மட்டக்குதிரை

1

இந்தக் கதை ஒரு தப்பில் பிறந்தது. தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் பாஷாவையோ கெங்கம்மாவையோ சந்தேகப்படக் கூடாது.

நடந்தது 1974-இல். தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'பட்டினப்பாக்கம் கடற்கரையில் அன்று ஒரு மட்டக்குதிரை தன்னந்தனியாக…'

(அடித்துவிட்டேன். அது ஒருநாளும் தனியாக நின்றதில்லை. நாலு எருமையாவது கூட நிற்கும்.)

'வாயில்லா ஜீவன்களுக்காக வாழ்ந்த மூன்று நல்ல உள்ளங்கள்…'

(தூ. இதை எழுதியதற்காக இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.)

மூன்றாவது இது. நாங்கள் மூன்று பேர். எங்களுக்குச் சங்கம் கிடையாது, ரப்பர் ஸ்டாம்பு கிடையாது. ஞாயிறு காலையில் மயிலாப்பூர் குளக்கரையிலிருந்து கடற்கரை வரை நடந்து, தெருவில் திரிந்து மேய்கிற மாடுகளையும் குதிரைகளையும் பார்த்துவிட்டு வருவோம். கயிறு கழுத்தை அறுக்கிறதா, குளம்பில் ஆணி ஏறியிருக்கிறதா, காதில் புழு வைத்திருக்கிறதா. அவ்வளவுதான். 'உங்களுக்கு வேறு வேலை இல்லையா?' என்று கேட்டவர்கள் உண்டு. இருந்தது. அதையும் செய்தோம்.

2

மெஹபூப் பாஷா இருபது வருஷம் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோ வந்த பிறகு தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் காவல்காரர் ஆனார். குளம்பைத் தூக்கிப் பார்ப்பது அவர் வேலை. கெங்கம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்பவள். புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைப்பது அவள். நான் நீரஜா, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுப்பவள். நோட்டுப் புத்தகம் என் கையில் இருக்கும். ஆக, மூவரில் மாட்டைத் தொடாதவள் நான்தான். யோசனை மட்டும் நிறைய சொல்வேன்.

மட்டக்குதிரைக்குப் பெயர் கலெக்டர். தன் ஜட்காவை விறகுக்குப் போட்ட யாரோ ஒருவன் அவிழ்த்துவிட்டுப் போன குதிரை. ஒவ்வொரு குடிசை வாசலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு நகரும். பெயர் வைத்தது கெங்கம்மா.

3

இனி என் தப்பு.

சொந்தக்காரன் உள்ள மாட்டை அவன் பார்த்துக்கொள்வான், யாருமில்லாததைத்தான் நாம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், அதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்றேன். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்து மிஞ்சிய நீலப் பெயிண்ட் எதிர்வீட்டில் இருந்தது. யாருமற்றவற்றின் நெற்றியில் ஒரு நீலப் பொட்டு வைத்தோம். எனக்கு ஒரே பெருமை.

(இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் நிதானமாக யோசிக்காத இடம் இது.)

மூன்றாவது மாதம், கார்ப்பரேஷனின் மாடு பிடிக்கும் லாரி ஒரே காலையில் பதினொரு உருப்படிகளை ஏற்றிப் போனது. பதினொன்றுக்கும் நெற்றியில் பொட்டு. பொட்டு வைத்ததில் மிஞ்சியது கலெக்டர் ஒன்றுதான். லாரிக்காரனே டீக்கடையில் பாஷாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னான்:

"நல்ல வேல பண்ணீங்கோ பாய். எத்தப் புட்சா எவன் சண்டைக்கு வருவான்னு பயந்துக்கினே இருந்தோம். இப்ப பொட்டே சொல்லிடுது."

கேட்டு வர ஆளில்லாததால் பதினொன்றும் ஏலத்தில் போயின. யார் வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

4

இதுவரை படித்த ஒரு பத்திரிகை ஆசிரியர், "முடிவில் குதிரை செத்தால் நன்றாக இருக்கும், வாசகர்கள் அழுவார்கள்" என்றார்.

முடியாது ஐயா. பதினொரு உயிரைப் பொட்டு வைத்துக் காட்டிக்கொடுத்தவள் நான். பன்னிரண்டாவதை உங்கள் வாசகர்களின் கண்ணீருக்காகக் கொல்ல மாட்டேன். கலெக்டர் என் கையால் சாகாது. கதையைத் திருப்பி அனுப்புங்கள். தபால்காரருக்கு எங்கள் வீடு தெரியும்.

5

புதன்கிழமை லாரி மறுபடி வருகிறது என்று தெரிந்தது. மண்ணெண்ணெய் போட்டுப் பொட்டைத் துடைக்கப் போனோம். கலெக்டர் பாஷாவையே உதைத்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

"அய்யே, இன்னாத்துக்கு டீச்சரு அழுவுற?" என்றாள் கெங்கம்மா. "அழிக்க முடியலன்னா வுடு. ஊர்ல கீற அல்லாத்துக்கும் பொட்டு வையி. எது அநாதன்னு அவனே கண்டுபுடிக்கட்டும்."

செவ்வாய் முழுக்கப் பெயிண்ட் டப்பாவோடு வீடுவீடாக ஏறி இறங்கினோம். திட்டினார்கள், பிறகு பலர் சம்மதித்தார்கள். மாட வீதி சுப்புராயன் சம்மதிக்கவில்லை.

"எங்காத்து லக்ஷ்மிக்கு நாதியில்லேன்னு நீங்க பொட்டு வெப்பேள், நான் பாத்துண்டு நிக்கணுமா?"

"நாதியில்லாததோட சேர்ந்து நிக்கட்டுமே மாமா" என்றேன்.

கதவைச் சாத்திவிட்டார்.

(அவரை வில்லனாக்க எனக்கு ரொம்ப ஆசை. ஒரு வரைவில் முறுக்கு மீசைகூட வைத்தேன். ஆனால் மறுநாள் காலை லக்ஷ்மியின் நெற்றியில் கோணலாக ஒரு நீலப் பொட்டு இருந்தது. எங்கள் பெயிண்ட் அல்ல, பேனா மசி. மீசையை எடுத்துவிட்டேன்.)

6

புதன் காலை பாஷா கலெக்டரைக் கடற்கரையிலிருந்து ஓட்டி வந்து மாட வீதி மாடுகளுக்கு நடுவே நிறுத்தினார். லாரி வந்தது. எல்லா நெற்றியிலும் நீலம். ஒரு பசுவின் கயிற்றைப் பிடித்தார்கள்; துடைப்பத்தோடு ஒரு மாமி ஓடிவந்தாள். இன்னொன்றைப் பிடித்தார்கள், மூன்று வீட்டுக் கதவுகள் திறந்தன. லாரிக்காரன் கெட்ட வார்த்தை சொன்னான். அவ்வளவு இனிய கெட்ட வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஆனால் மாடுகளுக்கு நடுவே குதிரையை எப்படி மறைப்பது? கலெக்டரின் கழுத்தில் கயிறு விழுந்தது.

"யார்து இது?"

"என்னுது" என்றார் பாஷா.

"என்னுது" என்றாள் கெங்கம்மா.

"என்னுது" என்றேன் நான். அன்றுதான் முதல்முறையாக அதைத் தொட்டேன். பிடரி ஈரமாக இருந்தது.

லாரிக்காரன் சிரித்தான். "உங்க மூணு பேர் பேச்சு செல்லாது. கேட்டா ஊர் மாடு அல்லாம் உங்களுதும்பீங்கோ. இந்தத் தெருவுல வேற யார்னா ஒருத்தர் என்னுதுன்னு சொல்லட்டும், அவுத்து வுட்டுட்டுப் பூடறேன்."

பால் செம்போடு சுப்புராயன் வாசலில் நின்றார். விரலில் மசி. வாயைத் திறந்தார்…

7

இங்கே நிறுத்துகிறேன்.

'இது எங்காத்துக் குதிரை' என்று அவர் சொன்னதாக ஒரு முடிவு எழுதினேன். செம்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனதாக ஒன்று எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். உண்மையில் நடந்தது எனக்குத் தெரியும். சொன்னால் நீங்கள் அவரைப் பாராட்டியோ திட்டியோ நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். அந்த நிம்மதியைத் தர எனக்கு மனமில்லை.

சுப்புராயனை ஏன் பார்க்கிறீர்கள்? வேறு யாராவது ஒருவர் என்றுதானே அவன் சொன்னான்? இந்தத் தெருவில் இவ்வளவு நேரமாக நீங்களும் நிற்கிறீர்கள். குதிரையின் பெயர் உங்களுக்குத் தெரியும். என் கையால் அது சாகாது என்று நான் சொல்லிவிட்டேன். உங்களைப் பற்றி எனக்குத் தெரியாது.

லாரிப் பலகையை இறக்கிவிட்டார்கள். அவன் இரண்டாம் முறை கேட்கிறான்:

"யார்து இது?"

மூன்றாம் முறை கேட்க மாட்டான்.