குதிகாலுக்கு அடியில் ஒரு காகிதம்

1

இந்தக் கதை நான் வாங்கிய ஒரு திட்டில் பிறந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

என் தொடர்கதையின் பதினாறாவது அத்தியாயம். நாயகன் மொட்டைமாடி விளிம்பில். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி. 'காலை நேராக ஊன்றியபடியே முழங்காலை மட்டும் சடாரென்று திருப்பினான்' என்று எழுதி, 'தொடரும்' போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். இதழ் கடைக்கு வந்த அன்றே தொலைபேசி.

"உங்க ஹீரோவுக்கு முட்டி என்ன பம்பரமா?"

பெண் குரல். பிசியோதெரபிஸ்ட்டாம். விளையாட்டுக்காரர்களின் மூட்டுகளோடு பதினேழு வருடமாக மல்லுக்கட்டுகிறாராம்.

"நேரா நிக்கிற முட்டி திரும்பாது சார். பூட்டிக்கும். திரும்புறது இடுப்பு. முட்டி சும்மா கூடப் போகும். பாக்குறவங்க முட்டிதான் திரும்புச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

ஒரு மூட்டு செய்த வேலைக்கு இன்னொரு மூட்டு பேர் வாங்கிக்கொள்கிறது! குற்றக் கதை எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? "இன்னும் சொல்லுங்கம்மா" என்றேன். ஒரு சம்பவம் சொன்னார். பத்து நிமிடம். சரியாக முடிவு வரும் இடத்தில், "அது பேஷன்ட் சமாச்சாரம், அதுக்கு மேல கேக்காதீங்க" என்று போனை வைத்துவிட்டார்.

இத்தனை வருடமாக வாசகர்களுக்கு நான் செய்ததை எனக்கே செய்துவிட்டார்.

2

முதல் ஆரம்பம்: 'இருண்ட அறை. சுவரைப் பார்த்தபடி ஒருத்தி நிற்கிறாள். அவள் குதிகாலை நோக்கி ஒரு கை மெல்ல மெல்ல—'

வேண்டாம். பகல் பதினொன்றரை மணி. நான்கு ட்யூப்லைட் எரிகிறது.

இரண்டாவது: 'மூட்டுகள் பல வகைப்படும். தோள், கிண்ணத்தில் உருளும் பந்து. முழங்கை, கதவுக் கீல்—'

இதற்கு நீங்கள் வார இதழ் வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பாடப்புத்தகம் போதும்.

மூன்றாவது:

ஒட்டடைக்குச்சி காலணியைக் கழற்றிவிட்டுச் சுவர் ஓரமாக வந்து நின்றாள். பட்டப்பேருக்கேற்ற உயரம். உயரம் தாண்டுகிறவள். ஆறு வாரத்துக்கு முன் பயிற்சியில் இடது கணுக்கால் பிசகியது. அவள் எம்பும் கால் அது. சனிக்கிழமை இளையோர் அணிக்குத் தேர்வு. அடுத்த மாதம் அவளுக்கு இருபது முடிகிறது. அதோடு வயது வரம்பும் முடிகிறது. தகுதிப் படிவத்தில் பிசியோவின் கையெழுத்து இல்லாமல் மைதானத்துக்குள் விடமாட்டார்கள். இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

(இதுதான் கதையின் மொத்தப் பதற்றமும். துப்பாக்கி கிடையாது. நானும் எங்காவது ஒன்றைச் சொருக முடியுமா என்று பார்த்தேன்.)

3

ஓர் அடைப்புக்குறி அளவுக்கு மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயரம் தாண்டுவது என்றால் காலை நீட்டி எகிறுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லையாம். கடைசி அடியில் பாதம் தரையில் அறையும்போது, கணுக்கால், முட்டி, இடுப்பு மூன்றும் ஒரு நொடிக்கும் குறைவாக மடங்கிக்கொள்கின்றன. பிறகு இடுப்பு, அடுத்து முட்டி, கடைசியில் கணுக்கால் என்று வரிசையாக நிமிர்ந்து ஆளை மேலே விசிறுகின்றன. கணுக்கால் மடங்க மறுத்தால்? அந்தப் பாரம் வேறு இடம் தேடும். பாதத்தின் உள்வளைவு, முட்டியின் உள்பக்கம்... எது இளிச்சவாயோ அது வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

அதனால் பரீட்சை எளிது. பெருவிரலைச் சுவரிலிருந்து பத்து சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்; தூரம் கூடக் கூட, கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்று அர்த்தம். குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். குதிகாலுக்கு அடியில் பிசியோ ஒரு காகிதத் துண்டை வைத்திருப்பார். மெல்ல இழுப்பார். வந்துவிட்டால் குதிகால் எழும்பிவிட்டது, தோல்வி.*

* காகிதத் துண்டு பழைய வார இதழிலிருந்து கிழித்ததாம். என் தொடர்கதை வந்த பக்கமா என்று கேட்டேன். "தெரியல சார், மிதிபட்டுக் கெடந்துச்சு" என்றார்.

4

வலது கால் பதினோரு சென்டிமீட்டர். அதில் சந்தேகமே இல்லை.

"இப்ப இடது" என்றார் பிசியோ.

ஒட்டடைக்குச்சி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முட்டியை முன்னால் தள்ளினாள். பத்து. முட்டி சுவரில் பட்டது. பிசியோ காகிதத்தை இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தார். கிழிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய அக்கா துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா மேடம்! பத்து நாளு முன்ன ஆறுதான். வீட்டுச் செவுரு தேய்ஞ்சு போற அளவுக்குப் பழகியிருக்கா!"

பிசியோ படிவத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். பதினேழு வருடப் பழக்கம், கண் குதிகாலிலேயே இருந்தது. காகிதம் இருக்கும் இடத்தைத்தானே பார்ப்பார்கள்? கையெழுத்தின் முதல் கோடு கூட—

[இல்லை. கோடு விழவில்லை என்று அவர் அழுத்திச் சொன்னார். அடித்துவிட்டேன்.]

பேனா கை தவறி உருண்டது. ஒட்டடைக்குச்சியின் வலது பாதத்துக்கு அடியில், உள்வளைவின் இடைவெளிக்குள் போய் நின்றது. எடுக்கக் குனிந்தவர் எடுக்கவில்லை.

"அப்படியே நில்லும்மா. மறுபடி இடது முட்டிய செவுத்துல வை."

வைத்தாள். பிசியோ பேனாவை இடது பாதத்துப் பக்கம் உருட்டினார். உள்ளே போகவில்லை. இடித்து நின்றது. வளைவே இல்லை, பாதம் சப்பையாக உள்பக்கம் சரிந்து கிடந்தது. குதிகால் யோக்கியமாகத் தரையில் இருக்க, சுவருக்குத் தேவைப்பட்ட தூரத்தைப் பாதம் குறுக்கு வழியில் வாங்கிக் கொடுத்திருந்தது.

வளைவை விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப தொடு" என்றார்.

முட்டி சுவருக்கு இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. பாதத்தை முன்னே நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். ஏழு சென்டிமீட்டரில்தான் தொட்டது.

"ஏமாத்துனியாடி?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியவே தெரியாதுக்கா! முட்டி படணும்னாங்க, பட்டுச்சு!"

5

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

என் முதல் பிரதியில் அவள் தெரிந்தேதான் ஏமாற்றினாள். என் கைவாகு அப்படி. மூன்றாவது அத்தியாயத்துக்குள் யாரையாவது குற்றவாளி ஆக்காவிட்டால் பேனா ஓடாது. 'அவள் உதட்டோரம் ஒரு மர்மப் புன்னகை' என்றுகூட எழுதினேன். அப்புறம் சந்தேகம் வந்து, எழுந்து போய்ச் சமையலறைச் சுவரில் நானே செய்து பார்த்தேன்.

"செவுத்துகிட்ட என்ன ரகசியம் பேசுறீங்க?" என்றாள் மனைவி.

"கணுக்கால் பரீட்சை."

"பாஸா?"

முட்டி பட்டது. பத்து சென்டிமீட்டர். கர்வமாகத் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது: பாதத்தைக் குனிந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மர்மப் புன்னகையை அடித்துவிட்டேன்.

6

முடிவுகள்.

அ) பிசியோ கையெழுத்துப் போடுகிறார். சனிக்கிழமை கம்பு அசையாமல் நிற்கிறது. அக்கா அழுகிறாள். (ஆசிரியர் குழுவுக்குப் பிடிக்கும்.)

ஆ) கையெழுத்துப் போடுகிறார். கடைசி அடியில் முட்டியின் உள்பக்கம் ஒரு சத்தம்— எழுத மாட்டேன்.

இ) போடவில்லை. ஒட்டடைக்குச்சி வாசல் வரை போய், திரும்பி—

மூன்றும் நான் கட்டியவை. பிசியோ சொன்னதில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான்:

ஒட்டடைக்குச்சி கொஞ்ச நேரம் தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாரும் சொல்லாமல் மறுபடி சுவரருகே போய், வளைவைத் தானே இறுக்கி, ஏழில் முட்டியை வைத்துக் காட்டினாள்.

"ஏழுன்னே எழுதுங்க மேடம்" என்றாள். "ஆனா தாண்ட விடுங்க. இனிமே அது சரியுறது எனக்குத் தெரியுமில்ல?"

பிசியோ 7 என்று எழுதினார். அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள்: தகுதி, தகுதியில்லை.

ஓடி வந்து அறையும் கடைசி அடியில், பாதம் சரிவதை ஒருத்தி கண்டுபிடித்துத் தடுக்க முடியுமா? எனக்குத் தெரியாது. நின்ற இடத்திலேயே என்னால் முடியவில்லை.

நீங்கள் எழுந்திருங்கள். இந்தப் பக்கத்தைக் கிழித்துக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டியைச் சுவருக்குக் கொண்டுபோங்கள். பட்டதும் சந்தோஷப்படாமல் குனிந்து பாதத்தைப் பாருங்கள். உங்களைக் கேட்காமல் அது என்ன செய்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, பேனாவை எடுத்து அந்த இரண்டு கட்டங்களில் ஒன்றில் குறி போடுங்கள்.

மாலைக்குள் அனுப்ப வேண்டும். ஒட்டடைக்குச்சி நாற்காலியில் காத்திருக்கிறாள்.