அறுத்து வைத்த பலகை

பதினேழு வயதில் ஈப்போவில் ஒரு தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதினேன். கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பதாக அப்பா அதை வாங்கிக்கொண்டு போனார். "அனுப்பிட்டேன்லா" என்றார். நாலு மாதம் பதிலுக்குக் காத்திருந்து கண் பூத்துப்போனது. அடுத்த வருஷம் சுத்தியல் தேடியபோது, அவருடைய தச்சுப் பெட்டியில் உப்புத்தாளுக்கு அடியில் அந்த ஃபாரம் கிடந்தது. கையெழுத்துகூடப் போட்டிருக்கவில்லை.

கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள அவ்ளோ தூரம் போயி என்னா கிழிக்கப் போற?" என்றார்.

ஆறு வருஷமாக பிரிஞ்சாங் டவுனில் ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருக்கிறேன். என் பெயர் ஜூலியானா. அப்பாவோடு பேசுவேன், சோறு போடுவேன். மன்னிக்கவில்லை.

இந்த வருஷம் தங்கச்சி ஃபியோனாவின் முறை வந்தது. அவளுக்குப் பதினைந்து வயது. சனிக்கிழமைதோறும் சாந்தினி டீச்சர் டவுனிலிருந்து மோட்டாரில் எங்கள் எஸ்டேட் மண்டபத்துக்கு வந்து, லயத்துப் பெண்பிள்ளைகளுக்கு டேக்வாண்டோ சொல்லிக்கொடுப்பார். முதல் ஒரு மணி நேரம் கணக்கும் மலாயும்தான். வீட்டுப்பாடம் முடிக்காதவள் அன்றைக்குக் காலைத் தூக்கக்கூடாது. உதைக்கிற ஆசையிலேயே ஃபியோனா கணக்கில் முதல் மார்க் வாங்கினாள். இரண்டையும் பார்த்துக் குவாந்தானில் ஒரு விடுதிப் பள்ளி அவளுக்கு இடம் கொடுத்தது. அம்மா இல்லாத வீடு, அதனால் அப்பா கையெழுத்துதான் வேண்டும். திங்கட்கிழமை தபாலில் சேர்க்காவிட்டால் இடம் போய்விடும்.

ஃபாரத்தை நீட்டியபோது அப்பா சிரித்தார். "பலகையெல்லாம் ஒடைக்கிறாளாமே! சனிக்கெழம ஷோ பாக்க டத்தோ வர்றாரு இல்ல? என் கண்ணு முன்னால ஒடைக்கட்டும். அப்பறம் சைன் பண்றேன்."

பலகை கொண்டுவருவது யார்? அவர்தான். எஸ்டேட் தச்சு வேலை முழுக்க அவருடையது. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

டத்தோ பட்டம் வாங்கிய அந்தப் பெரிய மனிதர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். அதுவரை பிள்ளைகள் வெள்ளை உடுப்பில், வெறுங்காலோடு, பனி இறங்கும் சிமெண்டுத் தரையில் வரிசையாக நின்றார்கள். வந்தவர் பெண்கள் முன்னேற்றம் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். பிள்ளைகளை உட்காரச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த மேனேஜருக்கும் தோன்றவில்லை.

அப்பா மேடையேறி ஒரு பலகையை டத்தோவிடம் கொடுத்தார். டத்தோ விரலை மடக்கித் தட்டிப் பார்த்து, "கெட்டிதான்!" என்றார். பிறகு அப்பா வேறொரு பலகையை எடுத்துச் சாந்தினி டீச்சர் கையில் கொடுத்தார். மாற்றிக் கொடுத்ததை நான் பார்த்தேன். அதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றவில்லை. ஃபியோனா ஒரு குரல் கொடுத்து உதைத்தாள். பலகை இரண்டாகப் பிளந்தது. கைதட்டல், ஃபோட்டோ, மாலை. டத்தோ காரேறிப் போனார்.

எல்லோரும் மீகூன் தின்றுகொண்டிருக்கும்போது அவள் ஃபாரத்தோடும் பேனாவோடும் அப்பா முன்னால் போய் நின்றாள்.

"ஒடஞ்ச துண்ட எடுத்துப் பாரு" என்றார் அப்பா, வாய் நிறைய மீகூனோடு.

எடுத்துப் பார்த்தாள். உடைந்த விளிம்பில் பாதிதான் சிலாம்பு சிலாம்பாக இருந்தது. மறுபாதி வழவழவென்று நேர்க்கோடாக இருந்தது. அது ரம்பம் போன தடம்.

"டத்தோ முன்னுக்கு ஒண்ணும் பெசகக்கூடாதுன்னு மேனேஜர் சொன்னாரு. பாதி அறுத்து வச்சேன். காத்தடிச்சாலே ஒடையும்லா அது. நீ என்னத்த ஒடச்ச?"

மேசையைச் சுற்றி இருந்த ஆம்பிளைகள் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. உடையாவிட்டால் கையெழுத்து இல்லை, உடைந்தால் அது அவர் அறுத்தது. எந்தப் பக்கம் போனாலும் அவள் தோற்கிற மாதிரி, சொந்த மகளுக்கு, உட்கார்ந்து நிதானமாக ரம்பம் போட்டிருக்கிறார்!

ஃபியோனா அழவில்லை. மேடையில் கிடந்த மற்றப் பலகையை, டத்தோ தட்டிப் பார்த்ததை, எடுத்து வந்தாள். நான்கு பக்கமும் தடவிப் பார்த்து அப்பாவிடம் நீட்டினாள்.

"இது அறுக்காததுதானே?"

"ஆமா."

"அப்ப புடிங்க."

டீச்சர் பதறி முன்னால் வந்தார். "நான் புடிக்கிறேன்மா."

"வேணாம் டீச்சர். நீங்க புடிச்சா அதுலயும் ஏதாச்சும் சொல்லுவாரு. அவரே புடிக்கட்டும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அப்பாவுக்கு எழுந்திருக்காமல் வழியில்லை. இரண்டு கையாலும் பலகையை நெஞ்சுக்கு முன்னால் பிடித்தார். டீச்சர் அவர் முழங்கையை நிமிர்த்தி, "கை அசையக்கூடாது, அசைஞ்சா ஒடையாது" என்று இரண்டு முறை சொன்னார்.

ஃபியோனா உதைத்தாள். கால் வந்து சேர்வதற்குள் அப்பா கையைப் பின்னால் இழுத்துவிட்டார். பலகை முழுசாகத் தரையில் விழுந்து சத்தம் போட்டது.

"பாத்தியா, ஒடையல" என்றார்.

"நீங்க கைய இழுத்தீங்க!" நான் கத்தியது எனக்கே அந்நியமாகக் கேட்டது. "அவளால ஒடைக்க முடியாதுன்னா எதுக்கு இழுத்தீங்க? எதுக்குப் பயம்?"

சிரிப்பு நின்றுபோனது. அவளால் முடியும் என்று அப்பாவுக்குத் தெரியும். என்னாலும் முடியும் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் என் ஃபாரத்தைப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். அந்த ஒரு நொடியில் இது எனக்கு விளங்கியது. விளங்கியதும் கோபம் இரண்டு மடங்கானது.

பலகையை எடுத்து மறுபடி அவர் கையில் திணித்தேன். அவருக்குப் பின்னால் போய் நின்று, என் முழு பலத்தோடு இரண்டு உள்ளங்கையையும் அவர் முதுகில் வைத்து அழுத்தி, என் இரு முழங்கையையும் விரித்து அவர் முழங்கைகளுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்தேன்.

"இப்ப இழுங்க பாப்போம்."

ஃபியோனா என் முகத்தைத்தான் பார்த்தாள், அவர் முகத்தையல்ல. பிறகு உதைத்தாள்.

அந்த உதை பலகையைப் பிளந்து, அப்பாவின் கையேறி, முதுகு வழியாக என் உள்ளங்கை வரைக்கும் வந்தது. ஆறு வருஷமாக நான் கொடுக்காமல் வைத்திருந்த உதை அது.

அப்பா உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரம்பத்தின் தடம் எங்கும் இல்லை. ஃபியோனா அந்தத் துண்டின் மேலேயே ஃபாரத்தை விரித்துப் பேனாவைக் கொடுத்தாள். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு, அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனார்.

"நானே தபால்ல சேத்துர்றேன்லா."

அவர் கையிலிருந்து நான் அதைப் பிடுங்கிக்கொண்டேன்.