ஆறு மணிக்கு மேல் இல்லை

தலைமைச் சீடர் இரங்கல் உரையின் மூன்றாவது தாளைப் புரட்டியபோது மணி ஐந்து நாற்பது. மின்மயானத்தில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த நேரம் நான்கு. மகள் இரண்டு தடவை கடிகாரத்தைக் காட்டிப் பார்த்தாள். மனிதர் கண்டுகொள்ளவே இல்லை. அப்பாவைப் பற்றி, தொழிலாளர் சட்டம் என்றொரு படிப்பையே உண்டாக்கியவர், உழைப்பவனின் நேரத்துக்கு மரியாதை வாங்கித் தந்தவர் என்று வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேராசிரியர்கள் தாளும் கையுமாக நின்றார்கள். மூவருக்கும் அப்பாவின் நாற்காலி மேல் ஒரு கண். பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகூட அதை மறைக்கத் துப்பில்லை.

மூன்று நாளாக அப்பா ஐஸ் பெட்டியில் கிடக்கிறார். இன்றாவது அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

உலைக்காரர் வந்து நின்றார்.

"இனிமே வைக்க முடியாதும்மா. முழுசா முடிய ரெண்டு மணி நேரம் ஆகும். ஆறு மணியோட எனக்கு வேலை முடியுது. காலையில பத்து மணிக்குக் கொண்டு வாங்க."

"இவர் யாருன்னு தெரியுமாய்யா உனக்கு?" சீடர் எகிறினார்.

"தெரியாது சார்."

"ஒரு நாள் ரெண்டு மணி நேரம் கூட நின்னா கொறஞ்சா போயிடுவ? உங்க அதிகாரிக்குப் போன் போடறேன். நாளைக்கு உனக்கு வேலை இருக்காது!"

உலைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் நகரவில்லை. "அனல் பக்கத்துல நிக்கிறவங்களுக்கு எட்டு மணி நேரந்தான்னு சட்டம் இருக்கு சார்."

அந்தச் சட்டத்துக்காக அப்பா பதினோரு வருஷம் கோர்ட் வாசலில் செருப்பைத் தேய்த்தவர். சீடர் எழுதிய புத்தகத்தில் அது நான்காம் அத்தியாயம். இந்த ஜென்மங்களுக்கா அப்பா ராப்பகலாகப் பாடம் எடுத்தார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன் போடுங்க சார்," என்றாள். "போட்டு, அந்தச் சட்டம் யாரால வந்துச்சுன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

சீடர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்ற இருவரும் செருப்பைத் தேடினார்கள்.

அப்பா இன்னொரு ராத்திரி பெட்டிக்குள் கிடக்க வேண்டும்.

"நீங்க கிளம்புங்கண்ணே," என்றாள் உலைக்காரரிடம். "காலையில கூட்டிட்டு வரேன்."

அவர் கதவைப் பூட்டினார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு, எதிரே நின்ற பஸ்ஸில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்புவதற்குள் தூங்கிவிட்டார்.