ஏழாவது மலை

அந்தச் செவ்வாய்க்கிழமை, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்த கையோடு சிவகரன் கொழும்பிலிருந்து கூப்பிட்டான். டீச்சர் ஜீவராணி வாயில் ரொட்டியோடுதான் கணவனின் போனை எடுத்தாள்.

"ராணி, கோயில் மலை முடிஞ்சா அடுத்தது எந்த மலை? சட்டுனு சொல்லு. கையில டப்பாவோட நிக்கிறேன்."

"உங்க அம்மாகிட்ட கேக்கிறதுதானேங்க?"

"அம்மா இந்நேரம் கொழுந்து எடுத்துக்கிட்டு நிப்பாங்க, போன் வீட்டுல கிடக்கும். மொதலாளி மகளுக்குத் தெரியலைன்னா விடு. சேலை விலை கேட்டிருந்தா டக்குனு சொல்லியிருப்ப."

அவள் மஸ்கெலியா கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகள். கொழுந்துக்கூடையை ஒரு நாளும் தலையில் மாட்டியதில்லை. தெரியாது என்று சொல்ல ரோஷம் விடவில்லை.

"ஆத்து மலை" என்று அடித்துவிட்டாள்.

"ஆத்து மலை. சரி, எழுதிட்டேன். வைக்கிறேன்."

அன்று மாலை ஆறு மணிக்கு, ஆய்வுகூடப் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது.

அவன் செய்துவந்த வேலை அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான். எந்த மருந்துக்கும் அடங்காத பக்டீரியா ஒன்று. அது தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ள ஒரு புரதம் வேண்டும். அந்தப் புரதத்தைக் கற்கண்டு போலப் பளிங்காக விளையவைத்து, எக்ஸ்ரே பாய்ச்சினால் அதன் வடிவம் தெரியும். ஒவ்வொரு பளிங்கையும் ஒவ்வொரு குட்டி இரசாயனத் துண்டில் ஊறப்போடுவார்கள். புரதத்தின் பள்ளத்தில் எந்தத் துண்டு போய் ஒட்டுகிறதோ, அதை வைத்து மெல்ல மெல்ல ஒரு மருந்தை வளர்த்தெடுக்கலாம். நம்பர் போட்டால் மற்றவர்களின் டப்பாக்களோடு கலந்துவிடுகிறதென்று, அவன் தன் பன்னிரண்டு பளிங்குகளுக்கும் தோட்டத்துத் தேயிலை மலைகளின் பெயரையே வைத்தான், கொழுந்து எடுக்கப் போகும் வரிசையில்; முதல் மலைக்கு முதல் துண்டு, இரண்டாவதற்கு இரண்டாவது. ஏழாவதில்தான் தடுமாறிப் போன் எடுத்தான்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அவனோடு வேலை பார்த்த நிஷாந்தி பேசினாள்.

"அக்கா, இந்த நேரத்தில கேக்கிறதுக்கு மன்னிச்சுக்குங்க. எக்ஸ்ரேக்கு வெளிநாடு அனுப்பின பளிங்கில ஒண்ணே ஒண்ணில ஏதோ ஒட்டியிருக்கு. ஆத்து மலையில. படம் மங்கல். ஏழாவது துண்டா, எட்டாவது துண்டான்னு பிரிச்சுச் சொல்ல முடியல. ரெண்டும் ஒரே மாதிரி. அண்ணன் கொப்பியில 'கொழுந்து வரிசை'ன்னு மட்டும் எழுதி வச்சிருக்கார். திரும்பச் செஞ்சு பார்க்க மெஷின்ல ஒரு இடம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமைக்குள்ள எதுன்னு சொல்லணும். இல்லாட்டி இதை விட்டுர வேண்டியதுதான்."

இந்த வேலைக்காக நாலு வருடம் அவன் வீட்டுக்கு மாதம் இரண்டு தரம்தான் வந்தான். அந்த நாலு வருடத்தையும் சேர்த்துத்தான் நிஷாந்தி விட்டுர வேண்டியதுதான் என்கிறாள் என்று ஜீவராணிக்குப் பட்டது.

பகல் நிறுவைக்குக் கொழுந்தோடு வந்து நின்ற மாமியார் வீரம்மாவிடம் போய்க் கேட்டாள்.

"கோயில் மலை ஆறாவது. பொறகு பங்களா மலை. அதுக்கும் பொறகுதான் ஆத்து மலை" என்றாள் வீரம்மா. "அவனுக்குத் தெரியாதா? என் முதுகுல இருந்தே பார்த்த பய."

"மறந்துட்டாருங்க அத்தை. என்னைத்தான் கேட்டாரு. நான் ஆத்து மலைதான் அடுத்ததுன்னு சொல்லிட்டேன்."

வீரம்மா அவளையே பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடி ஆத்தா! கொழுந்துக்கும் முத்தலுக்கும் வித்தியாசம் தெரியாத உன்னையப் போயா கேட்டான்?"

சிரித்துக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை உயர்த்திக் கண்ணைத் துடைத்தாள். பிறகு அழுதாள்.

ஜீவராணி அங்கே நின்றபடியே நிஷாந்தியைக் கூப்பிட்டாள்.

"தோட்டத்து வரிசைப்படி எட்டு. ஆனா நான் தப்பாச் சொன்னேன். அவரு அதைத்தான் எழுதினாரு. அதனால ஏழு."

"அண்ணன் அதுக்கு அப்புறம் ஞாபகம் வந்து திருத்தியிருந்தா?"

இடைவேளைக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஒரே ஒரு தரம் அவன் திரும்பக் கூப்பிட்டிருக்கக் கூடாதா என்று ஒரு மாதமாக அவள் கேட்காத நாளில்லை.

"திருத்தியிருந்தா என்னைக் கூப்பிட்டுக் கேலி பண்ணியிருப்பாரு தங்கச்சி. லேசுல விடுற ஆள் இல்ல. கூப்பிடவே இல்லையே."



"ஏழுன்னே எழுதுறேன் அக்கா."

படம் வர அடுத்த தை மாதமாயிற்று. இந்தத் தடவை மங்கல் இல்லை. பள்ளத்துக்குள் ஏழாவது துண்டு ஒருக்களித்துக் கிடந்தது.

"லேசாத்தான் ஒட்டியிருக்கு" என்றாள் நிஷாந்தி. "இதை மருந்தாக்கப் பத்து வருஷமும் ஆகலாம், ஆகாமலும் போகலாம். ஆனா பிடிச்சு ஏற ஒரு கால் வைக்க இடம் கிடைச்சிருச்சு."

தன் பொய் பலித்த கதையைச் சொல்லி அவனை ஒரு தரம் மடக்கவேண்டும் போலிருந்தது ஜீவராணிக்கு. யாரிடம் சொல்ல? போனை வைக்கப் போனவள், வேறொன்று கேட்டாள்.

"அவரு கையால ஊறப்போட்டாரே, அந்தப் பழைய பளிங்கு என்ன ஆச்சு?"

"திரும்பி வந்துருச்சு அக்கா. இங்க திரவ நைதரசன் தொட்டியில இருக்கு. வெளிய எடுத்தா உருகிப் போயிரும்."

அந்தத் தொட்டிக்குள் பூச்சியத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு பாகை. குறையக் குறைய வாரம் ஒரு தரம் நைதரசன் ஊற்றுகிறார்கள். பளிங்கு உருகவில்லை.